எந்தக் கதவைத் தட்டுவது?

"கார்ப்பரேஷன்ல சொல்லி இன்னாக்கா ஆவப் போவுது?" எண்ணூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் என் காதில் விழும் பேச்சு இது. சொன்னால் பலன் உண்டு, சகோதரிகளே! ஆனால் எதை யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். முன்பு இந்த வட்டாரம் கத்திவாக்கம் நகராட்சி. 2011 அக்டோபரில் கத்திவாக்கமும் எங்கள் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்காக சென்ட்ரல் பக்கத்து ரிப்பன் மாளிகைக்கு பஸ் ஏறி அலைய வேண்டாம். முதலாவது மண்டல அலுவலகம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. போனில் சொல்ல எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913தான். இனி மறக்குமா?

குப்பை, தெருவிளக்கு, கொசு மருந்து, மழைநீர் வடிகால் அடைப்பு எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, பாதாளச் சாக்கடை பொங்குகிறதா? அது மெட்ரோ வாட்டர். கரன்ட் என்றால் மின்வாரியம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பிவிடும். வீட்டில் பிறந்தால் 21 நாளுக்குள் நாம்தான் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லையே என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக் கொள்ளலாம்.

இந்தக் கரையில் இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்தன. மீன் வாங்க ஆளில்லை. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இப்படி எண்ணெய், புகை, வாயு நெடி என்றால் புகார் போக வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் மனு எழுதிக்கொண்டிருக்க முடியுமா? ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நெடி வீசும் திசையை விட்டு விலகிப் போங்கள். 112-க்கோ, ஆம்புலன்ஸுக்கு 108-க்கோ போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. புகார் சொன்னதும் அதற்கு ஒரு எண் தருவார்கள். அதையும் தேதியையும் காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து, "என்னாச்சுங்க?" என்று கேட்க அந்த எண்தான் கைகொடுக்கும். ஒரே புகாரைத் தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது!