மதிப்பெண்ணா, மதிப்பா?

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை. திருக்கழுக்குன்றத்தை அடுத்த எங்கள் ஊரில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பாவைப் பாம்பு தீண்டிவிட்டது. ஊரே கூடிற்று. இளைஞர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். கடிவாயைக் கீறிப் பச்சிலை வைத்துக் கட்டச் சொல்லும் காணொளி அது. "ரெண்டு லட்சம் பேர் லைக் போட்டிருக்காங்க, பொய்யா இருக்குமா?" என்றார். பிளேடும் வந்துவிட்டது. பட்டவகுப்பு மாணவனாகிய நான் வாய் திறவாமல் நின்றேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வழியே வந்த இருளர் பெரியவர் ஒருவர், "சீறிச்சா? குக்கர் மாதிரி சத்தம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "கண்ணாடி விரியன் தம்பி. கீறாதீங்க, ரத்தம் நிக்காது. கால ஆட்டாம செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க."

அங்கே கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சித்தப்பா பிழைத்தார்.

அந்த இரண்டு லட்சம் பேரும் பொய்யர்களா? அல்லர். பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ளதும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். அவ்வாறு கடிபட்டவர் பச்சிலை கட்டினாலும் பிழைப்பார், கட்டாவிடினும் பிழைப்பார். பிழைத்தவர் நன்றியோடு விரலைத் தட்டுகிறார். இறந்தவர் வந்து தட்டுவதில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 இந்தியர் பாம்புக்கடியால் மாள்வதாக 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் ஒருவருடைய மதிப்பெண்ணும் அந்தக் கணக்கில் ஏறாது.

இருளரின் சொல்லுக்கு நட்சத்திரம் எத்தனை என்று எவரும் கேட்டதில்லை. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி அங்கு எடுக்கப்படும் நஞ்சிலிருந்தே உருவாகிறது. 2016இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆயிரம் பேர் ஒரு மாதம் அலைந்து 106 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். மறு ஆண்டு அங்கே அழைக்கப்பட்ட நம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் இரண்டு வாரங்களுக்குள் 13 பிடித்துக் காட்டினர்! 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பாம்பைத் தவறாக இனங்கண்டால் முதலில் கடிபடுவது அவர்களுடைய கையேதான்.

"மந்திரிப்பவருக்கும் ஊரில் நற்பெயர் உண்டே?" என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்விதான், சற்றுத் தடுமாறினேன். ஆனால் அவர் பெயரும் பிழைத்தவர் வாயால் மட்டும் வளர்ந்ததே. தோற்ற இடத்தில் 'விதி' என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு ஓர் இழப்பும் இல்லை.

அந்தக் காணொளியை நேற்றும் பார்த்தேன். இரண்டு லட்சம் இப்போது மூன்றாகியிருக்கிறது. பேசுகிறவரின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.