பழைய பைக்குக்குக் குரோம்: எது தேவை, எது ஆசை?

பழைய ஜாவா ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டதும் பெரும்பாலானோர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பளபளத்த உருப்படிகளை எல்லாம் ஒரு கோணியில் போட்டுக் கட்டி, குரோம் பட்டறையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். டேங்க், ரிம், சைலன்சர், ஹேண்டில்பார், ஹெட்லைட் வளையம், கிக்கர்... எல்லாம் ஒரே கோணியில். "எல்லாத்துக்கும் குரோம் போட்டுடுங்கண்ணே" என்ற ஒரே வரியில் ஆர்டரும் முடிந்துவிடும்.

இன்ஜினுக்கு எந்த பிஸ்டன் போடலாம் என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள்கூட, குரோம் விஷயத்தில் ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. உண்மையில் ஒரு பழைய வண்டியைப் புதுப்பிப்பதில் அதிகம் யோசிக்க வேண்டிய வேலை இதுதான். ஏனென்றால் தவறாகப் போட்ட பிஸ்டனைக் கழற்றி மாற்றிவிடலாம். தவறாகப் போட்ட குரோமைத் திரும்பப் பெற முடியாது.

மைசூரில் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. பிறகு 2018-ல் ஜாவா என்ற பெயர் புதிய வண்டிகளுடன் திரும்பி வந்தது. ஆனால் மைசூர் தொழிற்சாலையும் அதன் உதிரிபாகங்களும் திரும்பி வரவில்லை. டேங்கின் இரு பக்கமும் குரோம், நடுவில் மெரூன் வண்ணம், அதன் ஓரத்தில் மெல்லிய கோடு, முழங்கால் படும் இடத்தில் ரப்பர். ஜாவா என்றதும் கண்முன் வருவது அந்த டேங்க்தான். அதைப் பட்டறையில் கெடுத்துவிட்டால் இன்னொன்றுக்குப் பழைய இரும்புக் கடைகளில்தான் அலைய வேண்டும்.

குரோம் என்பது மேலே இருப்பதல்ல

பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது குரோம் என்றாலும், வேலை செய்வது குரோம் அல்ல. அலங்காரத்துக்குப் போடப்படும் குரோம் பூச்சின் தடிமன் சுமார் 0.3 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு! அதற்குக் கீழே இருக்கும் நிக்கல்தான் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. மழையிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு நிக்கல் 20 முதல் 30 மைக்ரான் வரை வேண்டும். அதற்கும் கீழே செம்பு. இரும்பின் மேல் செம்பு, செம்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் குரோம் என்பதுதான் முறையான வரிசை.

நிக்கல் தொட்டியில் 20 மைக்ரான் ஏற, மின்னோட்டத்தைப் பொறுத்து அரை மணி நேரம் வரை ஆகும். குரோம் தொட்டியிலோ சில நிமிடங்கள் போதும். பட்டறையில் நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர் எங்கே கைவைப்பார்? நிக்கலில்தான். செம்பை விட்டுவிட்டு, நிக்கலைப் பேருக்கு ஐந்து நிமிடம் போட்டு, மேலே குரோமில் முக்கி எடுத்தாலும் முதல் நாள் கண்ணாடி மாதிரிதான் மின்னும். முதல் மழைக்காலம் முடியும்போது ரிம்மில் செம்புள்ளிகள் எட்டிப்பார்க்கும். பிறகு பட்டறைக்காரர் மோசம் என்று சொல்வதில் பாதிதான் நியாயம். 'எவ்வளவு குறைவாகப் போடுவீர்கள்' என்று பத்து இடத்தில் விலை பேசியதும் ஒரு காரணம்தானே?

இன்னொரு தவறான நம்பிக்கை, குரோம் போட்டால் பள்ளம் மறைந்துவிடும் என்பது. குரோம் எதையும் மறைக்காது. அடியில் இருப்பதை இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். துருவால் குழி விழுந்த இடத்தில் தடிமனாகச் செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றி, மறுபடி தேய்த்துத்தான் நிரப்ப வேண்டும். டேங்கில் ஒடுக்கு இருந்தால் தகர வேலை தெரிந்தவரிடம் கொடுத்து முதலில் எடுத்துவிட வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது வைப்பதுபோல் பட்டி வைக்க முடியாது, ஏனென்றால் பட்டியில் மின்சாரம் பாயாது. மின்சாரம் பாயாத இடத்தில் முலாமும் ஏறாது.

திரும்பி வராதவை

புதிய முலாம் ஏற வேண்டுமானால் பழையது இறங்க வேண்டும். பழைய குரோமை அமிலத்தில் கரைப்பார்கள். நிக்கலையும் உரித்து எடுப்பார்கள். அதன் பிறகு இரும்பை எமரி ஒட்டிய சக்கரத்தில் வைத்து பஃபிங் செய்வார்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன. பொறித்த எழுத்துகள் மங்குகின்றன. திருகுமரைகள் தேய்கின்றன. ஐம்பது அறுபது ஆண்டுகள் துருவுக்குத் தப்பிய ஓர் அச்சு முத்திரை, பஃபிங் சக்கரத்தின் முன் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது. கடினமாகப் பதப்படுத்திய எஃகை அமிலத்தில் முக்கும்போதும் முலாம் போடும்போதும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும். ஸ்பிரிங், உயர்பலம் கொண்ட போல்ட் போன்றவற்றுக்கு முலாம் போட்டால் உடனே சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அழகுக்காகக் குரோம் போட்ட போல்ட் ஒரு நாள் ஓடும் வண்டியில் முறிந்தால் அந்த அழகால் என்ன பயன்?

முன் ஃபோர்க் குழாயின் கதை வேறு. அதற்கு வேண்டியது தடிமனான 'ஹார்டு குரோம்'. போட்ட பிறகு சரியான அளவுக்குக் கிரைண்டிங்கும் செய்ய வேண்டும். அதையும் ஹேண்டில்பாரோடு சேர்த்து அதே கோணியில் போடுவது அறியாமை.

எல்லாம் மின்னியதா அன்று?

"தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவதுதானே புதுப்பித்தல்?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் இன்று பல வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் மின்னியதைவிடக் கூடுதலாக மின்னுகின்றன!

மோட்டார் சைக்கிள்களில் குரோம் பரவலானதே 1920-களின் இறுதியில்தான். அதற்கு முன் வெறும் நிக்கல்தான். லேசான மஞ்சள் சாயலோடு அடக்கமாக மின்னும். 1925-ஆம் ஆண்டு வண்டி ஒன்றுக்கு நீல வெளிச்சம் அடிக்கும் குரோம் போட்டால் அது புதுப்பித்தல் அல்ல, வேஷம். இரண்டாம் உலகப்போரின் ராணுவ வண்டிகளில் ரிம், ஹேண்டில்பார் எல்லாமே பெயின்ட்தான். மின்னினால் எதிரிக்குத் தெரிந்துவிடுமே. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளில் பல போல்ட்-நட்டுகளுக்கு மங்கலான காட்மியம் முலாம்தான் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் குரோம் போட்டுக் கண்காட்சியில் நிறுத்துபவர் பழைய வண்டியை மீட்கவில்லை. பழைய வண்டியின் எலும்பில் தன் ஆசையைப் பூசுகிறார்.

தொட்டியின் அருகில் நிற்பவர்

இதுவரை சொன்னது வண்டிக்கு நேரும் கேடு. அதைவிடப் பெரியது மனிதருக்கு நேர்வது.

குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமியம் டிரையாக்சைடு கரைத்த, கருஞ்சிவப்பு நிறத் திரவம். அதில் பாயும் மின்சாரத்தின் பெரும்பகுதி குரோமைப் படியவைப்பதில்லை, ஹைட்ரஜன் குமிழிகளாகவே வீணாகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது அமிலத்தைப் பனிபோலக் காற்றில் தெளிக்கிறது. தொட்டியின் மேல் குனிந்து ஹேண்டில்பாரைத் தூக்குபவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

அந்த அமிலத்தில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் ஒருபுறம் இருக்க, மூக்கின் நடுத்தடுப்பில் ஓட்டை விழுவது குரோம் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாகவே அறியப்பட்ட பாதிப்பு. அமெரிக்காவில் பணியிடக் காற்றில் இதற்கான வரம்பை 2006-ல் ஒரு கனமீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. அலங்காரக் குரோமுக்கு இதைப் பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்தும் விதியைக் கலிபோர்னியா 2023-ல் கொண்டுவந்தது.

நம் ஊரில் கூரை போட்ட சிறு பட்டறையில், கையுறைகூட இல்லாமல், உறிஞ்சு விசிறியும் இல்லாமல் நிற்பவருக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மாலைக்குள் இருபது ரிம் முடிக்க வேண்டும் என்பதுதான்.

அப்புறம் தண்ணீர். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச்சென்றது. நிலத்தடி நீர் மஞ்சளானது. அது முலாம் பட்டறை அல்ல. தோல் பதனிடும் தொழிலுக்கும் மற்றவற்றுக்கும் குரோமிய உப்பு செய்த இடம். ஆனாலும் உலோகம் அதேதான். ஒருமுறை மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்காகப் புதுப்பிக்கும் வண்டிகளின் பங்கு இதில் சிறிதுதான் என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் செருப்புக்குத் தோல் தேவை, குழாய்க்குப் பூச்சு தேவை. காட்சிக்கு நிற்கும் வண்டியின் செயின் கவருக்குக் குரோம் தேவையா? தேவை இல்லாத இடத்தில் செய்யும் கேட்டுக்கு, அளவு சிறிது என்பது சமாதானம் ஆகாது.

அப்படியானால் குரோமே வேண்டாமா?

வேண்டாம் என்பதல்ல வாதம். உரிந்து, குழி விழுந்து, ஸ்போக் இழுக்கும் இடத்தில் துரு அரித்த ரிம்மை அப்படியே விட முடியாது. டேங்கின் பக்கங்கள் முழுக்கத் துருப்பிடித்த ஜாவாவுக்குக் குரோம் போட்டால்தான் அது ஜாவா. கோணியைக் கட்டுமுன் ஒவ்வொரு உருப்படியையும் கையில் எடுத்து, 'இதற்குத் தேவையா?' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பலவற்றுக்குத் தேவைப்படாது என்பது ஆச்சரியமான விஷயம். பழைய குரோமில் தெரியும் பழுப்பு நிறம் பல நேரங்களில் ஊசிமுனைத் துளைகளின் வழியே கசிந்து மேலே படிந்த துருதான். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. துடைத்து, உலர்த்தி, மெழுகு தடவிவிட்டால் இன்னும் பல வருடம் தாங்கும். செலவு பத்து ரூபாய். ஒன்றிரண்டு புள்ளிகள் மிச்சம் இருக்கும். இருக்கட்டுமே! அறுபது வயது வண்டிக்கு அது வயதின் அடையாளம்.

உண்மையிலேயே தேவைப்படுபவற்றுக்கு நல்ல பட்டறையைத் தேட வேண்டும். எத்தனை மைக்ரான் நிக்கல், செம்பு உண்டா, கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஆறிணைதிறக் குரோமியத்தை அமிலநிலையில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கலந்து தீங்கு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றி, சுண்ணாம்பு சேர்த்துக் கசடாகப் பிரித்துவிடலாம். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சிறு பட்டறையாலும் முடியும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறிணைதிறக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியச் சட்டமும் சொல்கிறது. அதைச் செய்யும் பட்டறை கூடுதல் விலை சொல்லும். அந்தக் கூடுதல்தான் உண்மையான விலை. மற்ற இடத்தில் 'குறைத்த' பணத்தை வேறு யாரோ தன் மூச்சில் கட்டுகிறார்.

மூவிணைதிறக் குரோமிலேயே முலாம் போடும் முறையும் இருக்கிறது. அதன் நிறம் பழைய குரோமின் நீலச் சாயலோடு ஒத்துப்போவதில்லை, சற்றே கருமையாக இருக்கிறது என்று தீவிர ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எவருக்கும் தெரியாது.

கோணியில் பத்து உருப்படிக்குப் பதில் நான்கு மட்டும் போகட்டும். அந்த நான்குக்கும் முழு விலை கொடுக்கட்டும். மிச்சம் ஆறில் தெரியும் புள்ளிகளைப் பார்த்து யாராவது "ஏன் இதை மட்டும் விட்டுட்டீங்க?" என்று கேட்டால், அந்த வண்டிக்காரரிடம் சொல்வதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கும்.