இரண்டாம் ஆண்டில் தொலையும் விஞ்ஞானிகள்

மாடர்னா கரோனா தடுப்பூசியின் முதல் பரிசோதனை ஊசி 2020 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் போடப்பட்டது. அதை வடிவமைத்த அரசு ஆய்வுக் குழுவின் முன்வரிசையில் இருந்தவர் கிஸ்மீக்கியா கார்பெட். வட கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த கறுப்பினப் பெண். அப்போது வயது 34. அவருடைய திறமையை உலகமே புகழ்ந்தது. அவர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் சம்பளம் கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கும் ‘புராஜெக்ட் சீட்’ திட்டத்தில் பள்ளி மாணவியாகவே நுழைந்தவர் அவர். கல்லூரியில் அவரைத் தாங்கியது ‘மெயர்ஹாஃப்’ திட்டம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 2014-இல். இந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அவர் 2020-இல் அந்த ஆய்வகத்தில் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழையும்போது அறிவியல் படிக்க விரும்பும் கறுப்பின மாணவர்களின் விகிதம், வெள்ளையின மாணவர்களின் விகிதத்துக்கு ஏறத்தாழச் சமம். பட்டம் வாங்கும்போதுதான் இடைவெளி விழுகிறது. கரிம வேதியியலில் ஒரு மோசமான மதிப்பெண். அதைப் பற்றிப் பேச வீட்டிலோ விடுதியிலோ ஆள் இல்லை. கோடையில் ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் நிற்கலாம், அல்லது கடையில் வேலை பார்த்து வாடகை கட்டலாம். இப்படித்தான் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு விஞ்ஞானி சத்தமில்லாமல் கைநழுவிப் போகிறார்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ஃப்ரீமன் ரபௌஸ்கி. கணிதப் பேராசிரியர், 1963-இல் பர்மிங்காம் நகரில் சிறுவர்கள் நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தில் 12 வயதில் சிறை சென்றவர். பால்டிமோரின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், செல்வந்தர் ராபர்ட் மெயர்ஹாஃபின் நன்கொடையைக் கொண்டு 1988-இல் ‘மெயர்ஹாஃப்’ திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல் அணியில் 19 பேர்; அனைவரும் கறுப்பின ஆண்கள். அடுத்த ஆண்டு பெண்களும் வந்தார்கள்.

உதவித்தொகை இதில் ஒரு பகுதிதான். முதல் ஆண்டு தொடங்கும் முன்பே ஆறு வாரக் கோடை முகாம். கைப்பேசிகூடக் கையில் இருக்காது. ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் படிக்க வேண்டும். முக்கியப் பாடத்தில் ‘சி’ வாங்கியவரை அதே பாடத்தை மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். படிப்பு முடியும் வரை காத்திருக்காமல் மாணவர்களை ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். எச்ஐவி வைரஸின் கட்டமைப்பை ஆராயும் மைக்கேல் சம்மர்ஸின் ஆய்வகத்தில் இளநிலை மாணவர்கள் சோதனைக் குழாய் கழுவுவதற்காக நிற்பதில்லை. வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுடைய பெயர்களும் இருக்கின்றன. தன் பெயரை அச்சில் பார்த்த 20 வயதுப் பிள்ளை, இந்தத் துறை தனக்கானதுதானா என்று மறுபடி கேட்பது அபூர்வம்.

பலன் என்ன? இத்திட்டத்துக்குத் தேர்வாகியும் வேறு கல்லூரிக்குப் போய்விட்ட மாணவர்களோடு இதில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். அறிவியல் முனைவர் படிப்பில் சேர்ந்தவர்கள் அல்லது முடித்தவர்கள் இங்கே ஐந்து மடங்குக்கு மேல். இரு தரப்பும் ஒரே தரத்தில் தேர்வானவர்கள் என்பதால், வித்தியாசத்தைத் திறமையின் கணக்கில் எழுத முடியாது.

படித்து முடித்தபின்னும் தடைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு 2000 முதல் 2006 வரை வந்த ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களைப் பொருளியலாளர் டோனா கிந்தரின் குழு ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டது. வெள்ளையர் விண்ணப்பங்களில் 29 சதவீதத்துக்கு நிதி கிடைத்தது. கறுப்பர் விண்ணப்பங்களில் 16 சதவீதத்துக்கு மட்டுமே. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்று 2019-இல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது. மக்கள் நலன் சார்ந்த கேள்விகளுக்குப் பணம் கிடைப்பது கடினம். கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் கேட்பது அவற்றைத்தான்.

யார் கேள்வி கேட்கிறார்கள் என்பது நோயாளியின் உயிரைத் தொடும் விஷயம். கரோனா காலத்தில் நம் வீடுகளிலும் புழங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கருந்தோலில் அது தவறான அளவு காட்டலாம் என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில்தான், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அக்கருவி வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. அந்தக் குறையைத் தங்கள் விரலிலேயே கண்டிருக்கக்கூடியவர்கள் ஆய்வகங்களில் போதிய அளவில் இருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

இந்நிலையில், ஆய்வகங்களில் குறைவாக இருக்கும் பின்னணிகளிலிருந்து மாணவர்களை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த ‘மார்க்’, ‘யூ-ரைஸ்’ போன்ற பயிற்சித் திட்டங்களுக்கான நிதியை தேசிய சுகாதார நிறுவனம் 2025-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. ‘மார்க்’ 1970-களிலிருந்து நடந்துவந்த திட்டம். நிதியை நிறுத்துவதற்கு ஓர் அறிவிப்பு போதும். விளைவு தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். கார்பெட் கல்லூரியில் சேர்ந்தது 2004-இல், தடுப்பூசி தேவைப்பட்டது 2020-இல். எந்த ஆட்சியின் காலத்திலும் அடங்காத இடைவெளி இது. அதனாலேயே இத்தகைய நிதியை ஆட்சி மாற்றம் தீண்டாதபடி சட்டத்தால் காப்பது அவசியம்.

இனத்தைப் பார்த்து உதவுவது சமத்துவத்துக்கு எதிரானது என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் வேறொரு வளாகத்தில் இருந்த கறுப்பின மாணவர் உதவித்தொகை ஒன்றை 1994-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பின் 1996-இல் மெயர்ஹாஃப் திட்டம் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. கோடை முகாமும் கூட்டுப் படிப்பும் ஆய்வகப் பயிற்சியும் அப்படியே தொடர்ந்தன. கார்பெட் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். எனவே, தேர்வு விதியை மாற்றித் திட்டத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ‘மார்க்’ திட்டத்தை அப்படித் திருத்தி உடனே மீட்க வேண்டும். வரும் கோடைக்குள் சம்பளத்தோடு மாணவர்கள் ஆய்வகத்துக்குத் திரும்ப வேண்டும்.