வால்சிறகும் மலைப்பாதையும்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் நம்மவரிடையே, வால்சிறகு வாய்ந்த வண்டி வளைவுகளில் நிலைகுலையாது என்றோர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. சேலத்து அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறும் ஏற்காட்டுப் பாதையும் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இந்த அபிப்பிராயத்துக்கு ஆதரவு தரமாட்டா.

1948-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் வைத்த சிறகுகள் போர்விமானமொன்றின் வாலைக் கண்டு எழுந்த அலங்காரமே; ஐம்பதுகளின் நடுவில் கிறைஸ்லர் நிறுவனம்தான், பக்கக்காற்று வீசும்போது காற்றின் அழுத்தம் தாக்கும் மையத்தைச் சிறகு பின்னுக்குத் தள்ளி வண்டியை நேர்வழியில் நிறுத்தும் என்று அதற்கு ஒரு சாஸ்திரீயக் காரணம் கூறியது. காரணம் பொய்யன்று, லெமான் பந்தயத்தில் ஓடிய ஜாகுவார் டி-டைப் வண்டியின் ஒற்றைச் சிறகு அதற்குச் சாட்சி. ஆயினும் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதாகையால், மணிக்கு 120 கிலோமீட்டரில் கிட்டும் பயனில் 16-ல் ஒரு பங்கே 30 கிலோமீட்டரில் எஞ்சும். கொண்டை ஊசி வளைவிலோ அந்த 30-ம் அதிகம்.

நம் கவனத்துக்கு உரியது சிறகுக்குக் கீழே இருக்கிறது. வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த உருவில், 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த ஹெரால்டு கார், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அரிய குணத்தால் மலைப்பாதைக்கென்றே பிறந்தது போலத் தோன்றும். ஆனால் அதன் பின் அச்சு, நடுவில் கீல் வைத்தாற்போல் இருபுறமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் வகையைச் சேர்ந்தது. இறக்கத்தில் வேகமாக வளைவுக்குள் நுழைந்த ஓட்டுநர் நடுவே திடுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ, பாரம் முன்னே சாய்ந்து பின்புறம் எழும்ப, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்க, டயரின் பிடி தளர்ந்து வால் வெளியே வீசிவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் அதே கம்பெனி கெஸல் காரை வெளியிட்டபோது பின்புறத்துக்கு முழு அச்சையே பொருத்தியது. ஃபியட் 1100-க்கும், அதன் வழிவந்த பத்மினிக்கும், சிறு சிறகுகளோடு முழு அச்சும் இருந்தமையால் இச்சங்கடமே எழவில்லை.

சிறகால் மலையில் பயனே இல்லை என்பதற்கில்லை. குறுகிய இடத்தில் வண்டியைப் பின்னே எடுக்கையில் அதன் நுனியைக் கண்டு வாலின் எல்லையை அறியலாம். மெர்ஸிடிஸ் நிறுவனமும் 1959-இல் தன் சிறகுகளுக்கு இந்தப் பிரயோஜனத்தையே சொல்லிற்று.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. சிறகு நிமிர்ந்து கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென்று, ஹெரால்டின் குறுக்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டியோ, பழைய பட்டைகளை அதிகமாக வளைத்தோ, வாலை உயர்த்திக் கொடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வால் உயர்ந்தால் சக்கரங்கள் முன்னமே மடங்கிய நிலைக்கு வந்துவிடுகின்றன. சிறகின் அழகுக்காகச் செய்த வேலை அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது. ஆகவே ஸ்பிரிங் வேலை முடிந்ததும் பின் இருக்கையில் இருவரை அமர்த்தி, பின்சக்கரங்களின் மேற்புறம் வெளியே சாயாமல் நேராகவோ சற்று உள்வாங்கியோ நிற்கிறதைக் கண்ணால் கண்டு, டயர்களின் காற்றளவையும் சரிபார்த்த பிறகே வண்டியை ஏற்காட்டுக்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.