மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் தங்கிவிடும் வலி: வீரசோழன் மகளிர் சங்கத்தின் கோரிக்கை மனு

அனுப்புநர்: மகளிர் சங்கத்தினர், வீரசோழன், திருச்சுழி வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், விருதுநகர்.

நகல்: மாவட்ட சுகாதார அலுவலர், விருதுநகர்.

பொருள்: மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை பெறும் பெண்களுக்கு வலி நாட்பட்டுப் போகாதிருக்க உளவியல் சிகிச்சை வழங்கக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு மார்பை அகற்றி ஒன்றரை ஆண்டாகிறது. புண் ஆறிவிட்டது, பரிசோதனையில் நோயும் இல்லை. ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரை எரிச்சல். ரவிக்கைத் தையல் பட்டாலே சுரீரென்கிறது. குடத்தைப் பாதிதான் நிரப்பித் தூக்குகிறார். மிளகாய் பறிக்கப் போவதில்லை. ஒவ்வொரு சுருக்குக்கும் "திரும்ப வந்துருச்சோ" என்று பயந்து இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார். வீட்டில் சொன்னால், "எல்லாம் உன் நெனப்புதான்" என்கிறார்கள்.

அது நினைப்பு அல்ல. அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது, மேல்கையின் உட்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அறுபடவோ நசுங்கவோ கூடும். டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்து சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் 47 சதவீதத்தினர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். நரம்பு காயப்பட்ட எல்லாருக்கும் வலி தங்குவதில்லை. முன்கூட்டியே பதற்றமும் வலி பற்றிய பெரும் பயமும் உள்ளவர்களுக்கே அது அதிகம் தங்குகிறது. பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகி, வலி இன்னும் கூடுகிறது. மனதுக்குத் தரும் சிகிச்சையால் வலி குறையும் என்பதற்கும் சான்று உண்டு: அமெரிக்காவில் 200 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அறுவைக்கு முன் 15 நிமிடம் அறிதுயில் (ஹிப்னாசிஸ்) அளித்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் அவர்களுக்கு அன்றைய வலி குறைந்தது. நாட்பட்ட வலியையும் இது தடுக்கும் என்பதற்குச் சான்று இன்னும் திரண்டுகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் முதல் நாட்களின் கடும் வலி பின்னால் தங்கும் வலிக்கு ஓர் அறிகுறி என்பதால், காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்தில் புற்றுநோயாளிகளுக்கென்றே உளவியல் துறை உண்டு. ஆனால் எங்களுக்கு அடையாறு ஓர் இரவுப் பயணம்.

ஆகவே, அறுவைக்குத் தேதி குறித்த எங்கள் மாவட்டப் பெண் ஒவ்வொருவரிடமும், கத்தி படுவதற்கு முன்பே மாவட்ட மனநலத் திட்ட உளவியலர் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேச வேண்டும். எந்த வலிக்கு ஓடிவர வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, மூச்சுப் பயிற்சியும் கற்றுத்தர வேண்டும். வீடு திரும்பியதும் முதல் 3 மாதம் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வலியையும் தூக்கத்தையும் கேட்டுக் குறிக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் தோள் பயிற்சி தர வேண்டும். இந்த ஆலோசனையைக் காட்டி வலி மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது.

உளவியலர், கூடுமானால் பெண், மாதம் இருமுறை எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். சந்தை நாளாக இருந்தால் நல்லது. அன்றைக்கு எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. 'மனநலப் பிரிவு' என்ற பலகையின் கீழ் உட்கார எங்கள் பெண்கள் கூசுவார்கள். 'வலி ஆலோசனை' என்று எழுதி, கதவு உள்ள ஓர் அறை தாருங்கள்.

இதன்மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள், வீரசோழன்.