வீட்டு வைஃபையின்ர சாவி ஆரிட்ட இருக்கு?



ராஸ்பெரி பையை வீட்டு வைஃபை அக்சஸ் பொயின்டா மாத்திறது எப்பிடி எண்டு இந்த வருசம் மட்டும் நாலைஞ்சு பேர் என்னட்டக் கேட்டிட்டினம். அது ஒரு பின்னேர வேலை, சொல்லுறன். ஆனா செய்து முடிச்ச பிறகு கையில வந்து சேருற அதிகாரத்தை என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் எழுத நினைச்சது கூடுதலா அதைப் பற்றித்தான்.

முதல்ல சுவரில தொங்கிற பெட்டியைப் பாப்பம். ஜேர்மனியில கன வீடுகளில இணையக் கொம்பனி குடுத்த ரூட்டர்தான் இருக்கு. மாத வாடகை நாங்கள் கட்டுறம், கரண்ட் நாங்கள் குடுக்கிறம், ஆனா அதுக்குள்ள எப்ப என்ன மாத்திறது எண்டு முடிவெடுக்கிறது கொம்பனி. தூரத்தில இருந்தே பெட்டியைத் திறந்து பாக்கவும் திருத்தவும் அவைக்கு ஒரு வழி இருக்கு. அந்தத் தூரப் பராமரிப்பு வாசலைக் குறிவைச்ச தாக்குதலில 2016 நவம்பரில டொச்ச டெலிகொம்மின்ர ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின்ர ரூட்டர்கள் செயலிழந்து போச்சுது. வீட்டில இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டே தெரியாது. நிறுத்தி மறுபடி போடச் சொன்னவை, போட்டவை.

அதே வருசம் ஓகஸ்ட் 1ஆம் திகதி இங்க ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. எந்த ரூட்டரைப் பாவிக்கிறது எண்டு தெரிவு செய்யிற உரிமை வாடிக்கையாளருக்கு வந்தது அதாலதான். அதுக்கு முதல் "எங்கட பெட்டிதான் பூட்டவேணும்" எண்டு கொம்பனி கட்டாயப்படுத்தலாம். சுதந்திர மென்பொருள் ஆக்கள் வருசக்கணக்கா நிண்டு வாங்கித் தந்த உரிமை அது. எங்கட ஆக்களில எத்தினை பேருக்கு அது தெரியும்? தெரிஞ்சாலும், கொம்பனியில இருந்து வந்த பெட்டியைக் கழட்டினா வில்லங்கம் வரும் எண்டு பயம். அரச கடிதத்துக்குப் பயந்து வளந்த வீடுகள் எங்கட வீடுகள்.

சரி, பை. 2012இல 35 டொலருக்கு வந்த கைக்குள்ள அடங்கிற கொம்பியூட்டர். 2016இல வந்த மூண்டாவது மொடலில இருந்துதான் வைஃபை உள்ளேயே இருக்கு, அதால பழைய பை 3 ஒண்டு மேசை லாச்சிக்குள்ள கிடந்தாலே போதும், புதுசு வாங்கவேண்டாம். எஸ்டி கார்டில இயங்குதளத்தை ஏத்தேக்க நாட்டை ஜேர்மனி எண்டு குடுங்கோ. நாடு குடுக்காட்டி வைஃபை பூட்டுப்பட்டே கிடக்கும். எந்த அலைவரிசையில எவ்வளவு பலமா ஒலிபரப்பலாம் எண்டது நாட்டுக்கு நாடு வேற: இங்க 13ஆவது சானல் வரை போகலாம், அமெரிக்காவில வழக்கமா 11ஓட நிண்டிடும். பிறகு கொம்பனி ரூட்டரில இருந்து ஈதர்நெட் வயரை இழுத்து பையில செருகி, பையின்ர நெட்வேர்க் மெனுவில ஹொட்ஸ்பொட் ஒண்டை உருவாக்கிறது. பேர், பாஸ்வேர்ட், அவ்வளவுதான். பை தானே வீட்டிலுள்ள போன்களுக்கு 10.42 எண்டு தொடங்கிற முகவரிகளைப் பிரிச்சுக் குடுக்கும். வேலை செய்யுதெண்டு கண்ட பிறகு கொம்பனிப் பெட்டியின்ர சொந்த வைஃபையை அணைச்சு விடுங்கோ.

இரண்டு இடத்தில கவனம். இணையத்தில கிடக்கிற கன வழிகாட்டிகள் 2023க்கு முந்தினவை. அந்த வருசக் கடைசியில வந்த புது இயங்குதளம் நெட்வேர்க்கைக் கையாளுற விதத்தையே மாத்திப்போட்டுது. பழைய வழிகாட்டியைப் பாத்துப் புதுசில செய்யப்போனா ரெண்டும் ஒண்டையொண்டு இழுபறிப்படும். மற்றது, நீங்கள் உருவாக்கின ஹொட்ஸ்பொட் கரண்ட் போய் வந்தா தானா எழும்பாது. அதைத் தானியங்கியா மாத்தி விடவேணும், இல்லாட்டி விடிய ஆறு மணிக்கு அம்மா கதவைத் தட்டுவா.

இது நல்ல அக்சஸ் பொயின்டோ எண்டு கேட்டா, இல்லை. பையின்ர அன்டெனா நகத்தளவு. ஒரு கொங்கிரீட் சுவரைத் தாண்டும், ரெண்டாவதில தடுமாறும். ஏழெட்டுப் போன் ஒரேயடியா வந்தா மூச்சு வாங்கும். வேகம்தான் தேவையெண்டா கடையில ரூட்டர் ஒண்டு வாங்குங்கோ. "சுதந்திரமான கருவி" எண்டு பையைக் கும்பிடுறதிலயும் எனக்கு உடன்பாடில்லை. அதின்ர வைஃபை சில்லுக்குள்ள ஓடுற மென்பொருள் மூடினதுதான். அதைச் செய்யிற கொம்பனியும் 2024 யூனில லண்டன் பங்குச்சந்தைக்குப் போயிட்டுது. உங்களைக் கொம்பனியிட்ட இருந்து இது மறைக்கவும் மாட்டுது, எந்த முகவரிகளுக்குப் போறியள் எண்டு அவைக்கு இன்னும் தெரியும். பிறகு ஏன் செய்யிறது? ஒரு வீட்டு நெட்வேர்க்குக்குள்ள என்ன நடக்குது எண்டதை மூடி கழட்டிக் காட்டுறது இதுதான். கொம்பனிப் பெட்டியில ரெண்டு பச்சை வெளிச்சம்தான் தெரியும்.

அப்பிடி மூடி கழண்ட உடன தெரியிறது வீட்டு ஆக்கள்.

ஒரு போன் ஏதாவது தளத்துக்குப் போகவேணுமெண்டா முதல்ல அந்தத் தளத்தின்ர பெயரைக் குடுத்து, எண் முகவரியைக் கேக்கவேணும். அந்தக் கேள்வி பையைத் தாண்டித்தான் போகும். பையில ஒரேயொரு வரியை மாத்தினா அந்தக் கேள்வியெல்லாம் நேரத்தோட பதிவாகும். பக்கத்தில என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாது, அது பூட்டுப்பட்டுத்தான் போகும். ஆனா இரவு ஒண்டரைக்கு எந்தப் போன் கருத்தடை ஆலோசனைத் தளத்துக்குப் போச்சுது, எந்தப் போன் தற்பாலினர் அமைப்பொண்டின்ர பக்கத்துக்குப் போச்சுது எண்டது தெரியக்கூடும். சில பிரவுசர்கள் இப்ப இந்தக் கேள்வியையும் பூட்டித்தான் அனுப்புது. எல்லாம் அப்பிடியில்லை.

எங்கட உறவுக்கார மாமா ஒருத்தர் நான் இதைப் பூட்டினதைக் கேள்விப்பட்டுப் போன் எடுத்தார். "பிள்ளை, உதில மகள் இரவில என்ன பாக்கிறாள் எண்டு கண்டுபிடிக்கேலுமோ?" "கண்டுபிடிக்கேலும் மாமா, அதாலதான் உங்களுக்குச் செய்து தரமாட்டன்" எண்டன். அவர் சிரிச்சார். பகிடி எண்டு நினைச்சிட்டார் போல. நான் பகிடி விடேல்லை. அவர் கெட்ட மனுசனுமில்லை. மகனைப் பற்றி அவர் கேக்கேல்லை எண்டதைமட்டும் இங்க எழுதி வைக்கிறன்.

எங்கட வீடுகளில ரூட்டர் பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கும்? கொம்பனியோட டொச்சில கதைச்சு ஒப்பந்தம் எடுத்த மூத்த பொடியனிட்ட, இல்லாட்டி அப்பாவின்ர கோவைக்குள்ள. அம்மாவுக்கு வைஃபை பாஸ்வேர்ட் தெரியும், பெட்டியின்ர நிர்வாகப் பாஸ்வேர்ட் தெரியாது. பெரிய கொம்பனிகளின்ர கண்காணிப்பைப் பற்றி நாங்கள் கூட்டம் வைக்கிறம், நோட்டீஸ் அடிக்கிறம். வீட்டுக்குள்ள இருக்கிற சின்னக் கண்காணிப்பைப் பற்றிக் கதைச்சா "குடும்ப விசயம்" எண்டு போகுது. பையை வைச்சுக் கொம்பனியின்ர கையில இருந்து நெட்வேர்க்கை எடுத்து அண்ணன்மாரின்ர கையில குடுக்கிறதுக்கு நான் என்ர ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கத் தயாரில்லை. அதால உதவி கேட்டு வாற ஆக்களுக்கு நான் ரெண்டு நிபந்தனை சொல்லுறன்: பதிவு எடுக்கிறேல்லை (அது தொடக்கத்திலயே அணைஞ்சுதான் இருக்கும், ஆரோ வேணுமெண்டு போட்டாத்தான் போடும்), நிர்வாகப் பாஸ்வேர்ட் வீட்டில வளந்த எல்லாரிட்டயும் இருக்கவேணும். சிலர் பிறகு போன் எடுக்கிறேல்லை.

இனி வீட்டுக்கு வெளிய. சொந்த அக்சஸ் பொயின்ட் இருந்தா விருந்தாளிக்கு எண்டு தனி நெட்வேர்க் ஒண்டைத் திறந்து விடலாம். இதைச் சொன்னா ஜேர்மனித் தமிழ் வீட்டில உடன வாற சொல்லு "ஆப்மானுங்". வக்கீல் அலுவலகத்தில இருந்து வாற அந்தத் தடிச்ச கடிதம்: உங்கட இணைப்பால ஆரோ படம் இறக்கினது, பல நூறு யூரோ கட்டு, கையெழுத்துப் போடு. எனக்குத் தெரிஞ்ச வீடுகளில அது வந்த நாள் செத்தவீடு மாதிரி. ஆர் இறக்கினது எண்டு கேட்டு வீட்டுக்குள்ளயே விசாரணை நடந்தது. அதுக்குப் பிறகு வந்த ஒருத்தருக்கும் வைஃபை குடுக்கேல்லை.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில காரணம் இருந்தது. 2010இல ஜேர்மன் உச்ச நீதிமன்றம், வைஃபையைச் சரியாப் பூட்டாமல் வைச்சவர், வேற ஆரோ செய்ததுக்கும் பதில் சொல்லவேணும் எண்ட மாதிரித் தீர்ப்புக் குடுத்தது. மியூனிச்சுக்குப் பக்கத்தில கடை வைச்சிருந்த பைரேட் கட்சிக்காரர் டோபியாஸ் மக்ஃபாடன் திறந்த வைஃபைக்காக சோனியோட ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2016இல, நட்டஈடு கட்டத் தேவையில்லை, ஆனா பாஸ்வேர்ட் போடச் சொல்லலாம் எண்டு அரைகுறையா ஒரு தீர்ப்பு வந்தது. 2017 ஒக்ரோபரில சட்டமே மாறி, வைஃபையைப் பகிர்ந்தவரின்ர பொறுப்பு பெருமளவுக்கு நீங்கிப் போச்சுது. 2018இல உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கடிதம் முற்றாக நிண்டுபோகேல்லை. வீட்டு ஆக்களில ஆர் செய்தது எண்டு தெரிஞ்சும் சொல்லாட்டிப் பெற்றோர் கட்டவேண்டி வரலாம். ரியானாவின்ர இசைத்தொகுப்பொண்டு சம்பந்தப்பட்ட 2017ஆம் ஆண்டு வழக்கில, எந்தப் பிள்ளை எண்டு தெரிஞ்சும் பேரைச் சொல்லமாட்டம் எண்ட தாய் தகப்பனுக்கு எதிரா அப்பிடித்தான் தீர்ப்பு. (நீதிமன்றமே பிள்ளையைக் காட்டிக்குடு எண்டு சொல்லுற நாட்டில மாமாவை மட்டும் குறை சொல்லி என்ன.)

இந்தப் பயக் காலம் முழுக்க ஃப்ரைஃபுங்க் ஆக்கள் வைஃபையைத் திறந்துதான் வைச்சிருந்தவை. 2002, 2003 அளவில பேர்லினில தொடங்கின இயக்கம். மலிவான ரூட்டரை வாங்கி, கொம்பனி போட்ட மென்பொருளை அழிச்சுத் தங்கட மென்பொருளை ஏத்தி, ஜன்னலில வைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெட்டியோட அது தானாப் பிணைஞ்சு கொள்ளும். அந்தப் பிணைப்பு முறைக்கு பட்மான் எண்டு பேர் வைச்சவை. சட்டச் சிக்கலுக்கு, இணையப் போக்குவரத்தை சுவீடன் மாதிரி வேற நாடுகளுக்கால சுத்தி விட்டு, பெட்டி வைச்ச வீட்டுக்கு வில்லங்கம் வராமல் பாத்துக்கொண்டவை. 2015இல அகதிகள் கூட்டமா வந்து விளையாட்டு மண்டபங்களில படுத்த நேரம், கன ஊர்களில இந்தத் தன்னார்வ ஆக்கள்தான் ஏணியோட போய் ஹைம்களுக்கு இணைப்பு எடுத்துக் குடுத்தவை.

அந்த ஹைம்களில எங்கட அப்பா அம்மாமார் எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் இருந்தவை. அசூல் அடிச்சுப்போட்டு, மாவட்டத்தை விட்டு வெளிய போக அனுமதியில்லாமல், சில்லறைக் காசோட ரெலிபோன் பூத்தில நிண்ட கதையை எல்லா வீட்டிலயும் சொல்லுவினம். இண்டைக்கு ஹைமில இருக்கிறவருக்கு என்ன நிலைமை? கடன் நம்பகம் பாத்து ரெண்டு வருச ஒப்பந்தம் எழுதிற கொம்பனி அவருக்கு வீட்டு இணைப்புக் குடுக்காது. 2017 யூலையில இருந்து சிம் கார்டுக்கும் அடையாள ஆவணம் காட்டவேணும். கடவுச்சீட்டு இல்லாதவரின்ர போனை வாங்கி வாசிக்க அதே வருசம் அசூல் திணைக்களத்துக்கு அதிகாரம் குடுத்தவை. 2023 பெப்ரவரியில கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஒரு வழக்கில அந்த நடைமுறை சட்டவிரோதம் எண்டு சொல்லும்வரை அது வழக்கமாவே நடந்தது.

ஆகவே என்ர கருத்து இது. வீட்டுக்குள்ள பழக, மூடி கழட்டிப் பாக்க, பை நல்லது. ஹைமுக்குப் பக்கத்திலயோ அகதிகள் குடியிருக்கிற கட்டடத்துக்கு முன்னாலயோ இருக்கிற தோழர்கள் பையோட நிக்காமல், உங்கட நகரத்து ஃப்ரைஃபுங்க் குழுவோட கதைச்சு ஜன்னலில பெட்டியொண்டு வையுங்கோ. எங்கட கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஜன்னல் இருக்கு, இணைப்பு இருக்கு, சனி ஞாயிறு தவிர அது சும்மாதான் கிடக்குது. நிர்வாகசபையில கேட்டா முதல்ல "ஆப்மானுங் வந்தா ஆர் கட்டுறது?" எண்டுதான் வரும். மேல இருக்கிற வருசங்களை அச்சடிச்சுக் கொண்டு போங்கோ. ரெண்டாவது கேள்வி "கண்ட கண்ட ஆக்களெல்லாம் வாசலில வந்து நிப்பினமே" எண்டு வரும். அதுக்குச் சட்டப் பதில் ஒண்டும் என்னட்ட இல்லை. அந்தக் கேள்வி வாற கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கோ, வாறன்.