நூற்றுக்கு நாற்பது போதுமா?

2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா ஜில்லாவில் இருமல் மருந்து உட்கொண்ட இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்ட செய்தி நாடெங்கும் பெருந்துயரை விளைவித்தது. அம்மருந்து நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் தயாரானது என்பது தமிழராகிய நமக்கு இரட்டிப்பு வேதனை. தமிழ்நாட்டுச் சர்க்காரின் பரிசோதனையில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷப் பொருள் அதில் நூற்றுக்கு 48.6 பங்கு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டது, வழக்கும் தொடரப்பட்டது. இவை யாவும் செய்யத்தக்கனவே.

ஆனால், நேயர்கள் மற்றொரு விஷயத்தையும் ஆலோசிக்க வேண்டுமென விரும்புகிறோம். கலப்பில்லாத நல்ல மருந்தும் கணக்குத் தவறினால் விஷமாகும். அத்தவறு நேரும் இடம் தொழிற்சாலையன்று. மருந்துக் கடை மேஜை, ஆஸ்பத்திரி வார்டு, நம் வீட்டுச் சமையலறை. அங்கே நேரும் தவறுக்குக் கமிட்டி கூடுவதில்லை. பத்திரிகையில் தலைப்பும் வருவதில்லை. "விதி" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துபோகிறது.

சேலம் அம்மாபேட்டையில், தறியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில், பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரவில் ஜுரம் கண்டதாக வைத்துக்கொள்வோம். தாய் தெருமுனைக் கடைக்கு ஓடுகிறாள். பாரஸிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கத்தக்கது. பதினைந்து என்று கொண்டால் இக்குழந்தைக்கு 150 மில்லிகிராம். ஆனால் இந்த ஒரே மருந்து, ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலாகவும், 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலாகவும், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தாகவும் விற்கப்படுகிறது. ஆகவே அதே 150 மில்லிகிராம், முதற் பாட்டிலில் ஆறு மில்லி. இரண்டாவதில் மூன்று மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சென்ற முறை ஆறு மில்லி கொடுத்த ஞாபகத்தில் இம்முறை சொட்டு மருந்தில் ஆறு மில்லி ஊற்றினால் குழந்தையின் வயிற்றில் இறங்குவது 600 மில்லிகிராம். அதாவது நான்கு மடங்கு. வேளைதோறும் இது தொடர்ந்தால் ஈரல் கெடும். தாய் செய்த பாவம் என்ன? கடையில் நின்றவர் கணக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் விஷயமும் இதுவே. நம் நாட்டில் இன்ஸுலின், மில்லிக்கு 40 யூனிட் உள்ளதாகவும் 100 யூனிட் உள்ளதாகவும் கிடைக்கிறது. அவ்வவற்றிற்குரிய ஊசிக்குழாய்களும் வெவ்வேறு. நூறு யூனிட் மருந்தை நாற்பது யூனிட் குழாயில் பத்தாவது கோடு வரை இழுத்தால் உடலில் ஏறுவது பத்து யூனிட் அன்று, இருபத்தைந்து. சர்க்கரை திடீரென இறங்கி நோயாளி நினைவிழக்கலாம், உயிரும் போகலாம். மாற்றிச் செய்தாலோ பத்துக்கு நான்கு யூனிட்டே ஏறும்; வியாதி தணியாமல் வளரும்.

நரம்பில் ஏற்றும் சலைன் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாயில் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டு. பதினைந்து சொட்டுக் குழாயில் 31. அறுபது சொட்டு விழும் நுண்குழாயில் 125. குழாயின் உறையில் அச்சிட்டுள்ள அந்த ஓர் எண்ணைப் பாராமல், பழக்கத்தால் திருகினால் நேரமும் தவறும், அளவும் தவறும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. செல்வமும் யந்திரமும் நிறைந்த அமெரிக்காவில், 2006-ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பரின் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் மருந்து வைக்கப்பட்டு மூன்று சிசுக்கள் மாண்டன. அவ்வாண்டே ஒஹையோ ராஜ்யத்தில், நூற்றுக்கு 0.9 இருக்க வேண்டிய உப்புநீர் 23.4 ஆகக் கலக்கப்பட்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உயிரிழந்தது. அதன்பின் அந்த ராஜ்யம், மருந்து கலக்கும் உதவியாளரும் பரீட்சையில் தேற வேண்டுமென 2009-ல் சட்டமியற்றியது. ஒரு குழந்தையின் மரணம் அங்கே ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1930-31-ல் கர்னல் சோப்ரா தலைமையில் நடந்த விசாரணையின் பயனாக, 1940-ல் மருந்துச் சட்டமும், சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே 1948-ல் பார்மஸிச் சட்டமும் வந்தன. வைத்தியர் எழுதிய மருந்தைக் கலந்து கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உண்டென அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது. 2015-ஆம் ஆண்டு விதிகள், மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துரைப்பதும் அவர் கடமை என்றன. ஆயினும் மேஜைக்குப் பின்னால் நிற்பவர் அவர்தானா என்பதை மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் அறிவர்.

அவரே நின்றாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி பார்மஸி டிப்ளமாவில் தேற, ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு நாற்பது போதும். பதிவுக்கு முன் எழுத வேண்டிய பரீட்சைக்கு 2022-ஆம் ஆண்டு விதிகள் ஐம்பது என நிர்ணயித்தன. சரித்திரத்திலோ இலக்கியத்திலோ நாற்பது பெற்றவரால் உலகுக்குத் தீங்கில்லை. மருந்துக் கணக்கில் நாற்பது என்றால், பத்துக் குழந்தைகளில் ஆறு பேருக்குத் தவறான அளவு என்றல்லவா பொருள்? வக்கீல் தொழில் புரிந்த நாம் ஒன்று சொல்வோம்: வழக்கில் பிழை நேர்ந்தால் அப்பீல் உண்டு, மருந்தின் அளவில் நேர்ந்த பிழைக்கு அப்பீல் இல்லை.

யந்திரங்கள் வந்துவிட்டன, அவையே கணக்கிடும் என்று சிலர் கூறுவர். யந்திரத்தில் எண்ணை இடுபவர் மனிதரே. ஒரு புள்ளி இடம் மாறினால் அதுவும் பத்து மடங்கைப் பணிவுடன் செலுத்தும். விடை சற்றே பெரிதாகத் தோன்றும்போது, "இது பொருந்தாதே" என்று கை தயங்க வேண்டும். அத்தயக்கம் நாள்தோறும் கணக்கிட்டுப் பழகியவருக்கே வரும். அம்மாபேட்டை நெசவாளியைக் கேளுங்கள்: பாவில் இழை எண்ணுவதை அவர் ஒருமுறை பரீட்சை எழுதி முடித்துவிடவில்லை, தறியில் உட்காரும் நாளெல்லாம் எண்ணுகிறார். துணிக்குக் காட்டும் அக்கறையை உயிருக்குக் காட்ட வேண்டாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன சிலவே. மருந்துக் கணக்கைத் தனிப் பரீட்சையாக்கி, அதில் நூற்றுக்கு நூறு பெற்றாலன்றித் தேறியதாகக் கொள்ளலாகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத இடமளிக்கலாம். பதிவைப் புதுப்பிக்கும்போதும் அதனை எழுத வேண்டும். நர்ஸுகளுக்கும் மருந்தாளுநருக்கும் ஆஸ்பத்திரிகளில் தினம் பத்து நிமிஷக் கணக்குப் பயிற்சி வேண்டும். அபாயமான மருந்தாயின், இருவர் தனித்தனியே கணக்கிட்டு விடையை ஒப்பிட வேண்டும். குழந்தைக்கு எழுதும் சீட்டில் அதன் எடை குறிக்கப்பட வேண்டும். குழந்தைகளின் பாரஸிட்டமால் திரவத்தை ஒரே வலிமையில் விற்க அமெரிக்க உற்பத்தியாளர் 2011-ல் இசைந்தனர். அவ்வாறே இங்கும் செய்யுமாறு மத்திய சர்க்கார் உத்தரவிட வேண்டும். பாட்டிலின் மேல் அளவு தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். பாட்டிலோடு கோடிட்ட அளவுக் குழாயும் வரட்டும்.

இவற்றிற்குப் பெருந்திரவியம் வேண்டுவதில்லை. காகிதமும் பென்ஸிலும் தவறக்கூடாதென்ற அச்சமுமே வேண்டும். விஷம் கலந்த பாட்டிலுக்காகக் கொதித்தெழுந்த சர்க்காரும் ஜனங்களும், தவறி அளந்த கரண்டிக்காகவும் ஒருமுறை விழித்தெழ வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.